அப்பாவின் வலது கை

பிள்ளையார்பாளையம்,
12.8.1972

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிறார், பிடிவாதம் தாங்க முடியவில்லை, அதனால்தான் வாலாஜாபாத் முதியோர் இல்லத்தில் சேர்த்தேன் என்று உனக்கு எழுதியிருந்தேன்.

நேற்று போனேன். அங்கே வேலை செய்யும் ஜோஹரா, பக்கவாதத்தில் விழுந்துபோன அவருடைய வலது கையைத் தன் கையில் ஏந்தி, அந்த விரல்களாலேயே சோற்றைப் பிசைந்து அவர் வாய்க்குக் கொண்டுபோனாள். அப்பா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

"பிடிவாதம் ஒண்ணும் இல்லப்பா. பீச்சாங்கையில கரண்டி குடுத்தா எப்படிச் சாப்புடுவாரு?" என்றாள்.

வீட்டில் கரண்டியை இடது கையில் திணித்துவிட்டுத் தறிக்கு ஓடியவன் நான்தான்.

புறப்படும்போது அந்த வலது கையைப் பிடித்தேன். வெதுவெதுப்பாக இருந்தது அக்கா. பக்கவாதம் வந்த இந்த ஐந்து மாதமும் அது சில்லிட்டுக் கிடக்கும் என்றே நினைத்திருந்தேன்.

உன் தம்பி