கூட்டேரிப்பட்டில் இறக்கிய பேனர்

கூட்டேரிப்பட்டு,
9ஆம் தேதி, வெள்ளி.

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது. புனேயில் மழை விட்டதா, உன் இருமல் நின்றதா? இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் மாமா புகழேந்தியும் சுகம்தான், ஆனால் எங்களோடு பேசுவதில்லை. காரணம் இது: நம் ஊர்ச் சந்திப்பில் இருந்த உன் பேனர் நேற்றுக் காலை ஆறே முக்காலுக்கு இறக்கப்பட்டது. இறக்கியது உன் அம்மா. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். நம் தெருவிலிருந்து ஒரு பெண் சட்டம் படிக்கப் போகிறாள் என்ற பூரிப்பில், நீ நுழைவுத் தேர்வு எழுதிய வாரமே, மதிப்பெண் வருமுன், திண்டிவனத்தில் அச்சடித்துக் கட்டிவிட்டான். உனக்குக் கறுப்புக் கோட்டு, பக்கத்தில் தராசு, கீழே சொந்தக்காரர் பதினொரு பேரின் முகம், மேலே "வருங்கால நீதியரசி". பிறகு மதிப்பெண் எழுபத்தொன்று என்று வந்தது. டிசம்பரில் மறுபடி எழுதிவிட்டு விண்ணப்பிக்கலாம் என்றிருந்த நீ, போன வாரம் அம்மாவிடம் போனில், "திரும்ப எழுதுனா ஃபெயிலுன்னு பேசுவாங்கம்மா, மாமா வேற பேனர் வச்சிட்டாரு, கெடைக்கிற காலேஜுல சேந்துட்றேன்" என்றாயாம். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேற்றுச் சவுரியம்மாள் டீக்கடை ஏணியை வாங்கிச் சாத்தி, "எம் பொண்ணு எங்க படிக்கணும்னு நாலு மூங்கில் கழியா சொல்றது" என்று கேட்டுக்கொண்டே கயிற்றை அறுத்தாள். டீ குடித்துக்கொண்டிருந்த ராஜாமணி, "என்னா பூமால, ஜட்ஜம்மாவ எறக்கிட்ட?" என்று சிரித்தான். "படிச்சிக்கினு இருக்கிற புள்ள எதுக்கு வெயில்ல நிக்கணும்? ஆசையா இருந்தா நீ ஏறி நில்லு" என்றாள் அம்மா. மதியம் மாமா வந்து, "ஊரு சிரிக்க வச்சிட்டியேக்கா" என்று சத்தம் போட்டான். "சிரிக்கிறவன் வந்தா பரீட்ச எழுதப் போறான்" என்று இவள் சோற்றைப் போட்டு வைத்தாள். அவன் கை நனைக்காமல் போய்விட்டான். பேனரைப் பக்கத்து வீட்டு வேணி மல்லாட்டைக் கடலை காயப்போடக் கேட்டாள், கொடுத்துவிட்டோம்.

இனி நான் விசாரித்தது. நீ ஆசைப்பட்ட கல்லூரி அலுவலகத்துக்குச் செவ்வாய்க்கிழமை போன் செய்தேன். சென்ற ஆண்டு கடைசியாக இடம் பெற்றவருக்கு எழுபத்தொன்பது என்று சேர்க்கைப் பிரிவில் இருந்த அம்மையார் சொன்னார். அவர்கள் வெளியிட்ட பட்டியலிலும் அப்படியே இருக்கிறது. உனக்கு எட்டு குறைவு. நேரம் போதாமல் கடைசியில் பதினான்கு கேள்விகளைத் தொடவே இல்லை என்று நீயே சொன்னாய். மறுபடி எழுதினால் கட்டாயம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை, உறுதியாகாததை எழுதி எனக்குப் பழக்கமில்லை. எழுபத்தொன்றுக்குக் கிடைக்கும் கல்லூரியும் மட்டமில்லை, அங்கே படித்த நல்ல வக்கீல்களை எனக்குத் தெரியும். அது உனக்குப் பிடித்திருந்தால் இப்போதே விண்ணப்பித்துவிடு. ஊர் வாய்க்குப் பயந்து என்றால் வேண்டாம். இருபத்தாறு வருடமாக விழுப்புரம் நீதிமன்றச் செய்தி எழுதுகிறேன், வாய்தா வாங்கியவரைத் தோற்றவர் என்று ஒரு நாளும் எழுதியதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளை மூன்று முறை எழுதினால் விடாமுயற்சி, நம் தெருப் பிள்ளை இரண்டாம் முறை எழுதினால் தோல்வியா? கிடைத்ததை வாங்கிக்கொண்டு வாய் மூடிப் போக வேண்டும் என்று நமக்கு மட்டும் யார் சட்டம் போட்டார்கள்? கேட்பவர்கள் என்னிடம் வந்து கேட்கட்டும், நான் இங்கேதான் இருக்கிறேன். எழுதுவதாக இருந்தால் இன்றிலிருந்தே கடிகாரத்தை எதிரில் வைத்துப் பழகு. அலுவலகத்தில் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் வெறும் வயிற்றோடு புத்தகத்தைத் திறக்காதே.

தெரியாமல் இருப்பவை இரண்டு. ஒன்று, மாமா எப்போது பேசுவான் என்பது. ஞாயிறன்று பெருமுக்கல் கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்கார வேண்டும், அதற்கு மேல் அவனால் தாங்க முடியாது. மற்றது உன் முடிவு. டிசம்பர் தேர்வுக்கான பதிவு பதினெட்டாம் தேதி மாலை ஐந்து மணியோடு முடிகிறது. பதினாறாம் தேதி காலை போன் செய். எதைச் சொன்னாலும் காரணத்தோடு சொல். அந்தக் காரணத்தில் மாமா பெயரோ ஊர்ப் பெயரோ வந்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எடுத்த காரியத்தில் நிமிர்ந்து நில், நன்றாக இரு. இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே.

உன் அப்பா,
மாசிலாமணி