சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து டைம் ஆபீஸ் வரை

கும்மிடிப்பூண்டி
9-1-2007

அன்புள்ள கனி பாய் அவர்களுக்கு,

சுப்பராயன் எழுதுவது. தாங்களும் ரஷீதா அம்மாவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பக்ரீத் நல்லபடியாகக் கழிந்திருக்கும். ஆறு வருடமாக ஒரு வரி எழுதாதவன் இன்று எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். விலாசம் நம் இரும்புக் கம்பி மில் கோபால் கொடுத்தார். செவ்வாப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பதாகச் சொன்னார். பூத்துக்கே போன் செய்திருக்கலாம். இரண்டு தடவை நம்பரை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மாதமாக எனக்கு நடக்க முடியவில்லை. மில் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து டைம் ஆபீஸ் வரை தொண்ணூறு அடிதான். அதற்குள் இரண்டு தொடையும் மரத்து, ஈர மணல் மூட்டையைக் காலில் கட்டிவிட்டது போல ஆகிவிடுகிறது. லாரி எடை மேடை ஓரத்துச் சிமெண்டுக் கட்டையில் ஐந்து நிமிடம் குனிந்து உட்கார்ந்தால் சரியாகிறது. எழுந்து நடந்தால் மறுபடி அதே கதை. ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்புக்குள் நரம்பு போகிற பாதை இரண்டு இடத்தில் சுருங்கிவிட்டதாம். சென்னை டாக்டர், சின்னத் துளை போட்டு, குழாய் நுழைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் செய்கிற ஆபரேஷன் இருக்கிறது என்கிறார். வீட்டில் கங்கம்மாவோ, "முதுவுல கத்தி வெச்சா கால் பூடும்யா, எங்க சித்தப்பா அப்டிதான் படுக்கைல கெடந்தாரு" என்று அழுகிறாள்.

தங்களுக்கு அதே ஆபரேஷன் நடந்ததாகக் கோபால் சொன்னார். பட்டவர் வாயால் கேட்க வேண்டும் போலிருக்கிறது. தயவுசெய்து எழுதவும்.

இப்படிக்கு,
சுப்பராயன்


செவ்வாப்பேட்டை
16-1-2007

சுப்பராயனுக்கு,

நலம். கேட்டதற்குப் பதில்.

ஆபரேஷன் 2004 ஜூலை 20, செவ்வாய்க்கிழமை. முழு மயக்கம் கொடுத்தார்கள். முதுகில் வெட்டு இரண்டு சென்டிமீட்டர். இப்போது ரஷீதா தேடித்தான் கண்டுபிடிக்கிறாள். கட்டைவிரல் பருமன் குழாய். அதன் வழியாகவே நரம்பை அழுத்திக்கொண்டிருந்த எலும்பையும் தடித்த ஜவ்வையும் சுரண்டி எடுத்தார்கள். காலையில் உள்ளே போனேன். அன்று சாயங்காலமே நர்ஸ் தோளைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை நடந்தேன். மூன்றாம் நாள் வீடு. ஆறு வாரம் குனிந்து எதையும் தூக்கவில்லை.

தொடைக் கனமும் கால் இழுப்பும் போய்விட்டன. இப்போது அரை மணி நேரம் நிற்காமல் நடக்கிறேன். போகாதது, இடது பாதத்து மரமரப்பு. செருப்பு கழன்று விழுந்தால் எனக்குத் தெரியாது. பின்னால் வருகிறவர் கூப்பிட்டுச் சொல்வார்.

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தொண்ணூறு அடி நடக்க முடியாத உன்னால் சைக்கிள் ஓட்ட முடிகிறதா?

பழுத்த கம்பியை இடுக்கியால் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பன்னிரண்டு வருடமும் 'டேய்' என்று கூப்பிட்டவன், இப்போது 'தாங்கள்' என்று எழுதுகிறாய். உன் இஷ்டம்.

அப்துல் கனி


கும்மிடிப்பூண்டி
25-1-2007

அன்புள்ள கனி பாய்,

கடிதம் கிடைத்தது. அந்த ஒரு கேள்வியைப் படித்துவிட்டு நான்கு நாள் மடித்து வைத்திருந்தேன்.

ஓட்ட முடிகிறது. வீட்டிலிருந்து மில்லுக்கு மூன்று கிலோமீட்டர், ஒரு வலியும் இல்லை. ஹேண்டில்பாரில் குனிந்து மிதித்தால் எனக்கு வியாதியே இல்லை என்று தோன்றுகிறது. இறங்கினால்தான் கிழவன். போன வாரம் ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லோர் முன்னாலும் கோபால் கேட்டார்: "இன்னா சூப்பர்வைசரு, நடன்னா குந்திக்கிற, சைக்கிள்ல மட்டும் ராக்கெட்டாட்டம் போற?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்களுக்கு நடந்தது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஆனால் பாய், விசாரணையில் நான் பொய் சொல்லவில்லை. கேட்டார்கள், பார்த்ததைச் சொன்னேன். அதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

டாக்டர் பிப்ரவரி 12 என்று தேதி கொடுத்திருக்கிறார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. பாதம் மரத்துப்போனதாக நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கங்கம்மா, "அந்தாளு உன் மேல இருக்கற கோவத்துல பயமுறுத்துறாரு" என்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் ராத்திரியெல்லாம் பாதத்தைக் கிள்ளிப் பார்த்துக்கொள்கிறேன். லீவு போட்டால் மில் டாக்டரிடம் அனுப்புவார்கள். அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி எது என்று எனக்குத் தெரியும். அதற்கு இப்போது நான் என்ன பதில் சொல்வது?

சுப்பராயன்


செவ்வாப்பேட்டை
2-2-2007

சுப்பராயனுக்கு,

நீ பொய் சொல்லவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

அந்த விசாரணைத் தாள் என்னிடம் இருக்கிறது. கேள்வி: அப்துல் கனி வேலைக்கு எப்படி வருவார்? பதில்: சைக்கிளில் வருவார். கேள்வி: எவ்வளவு தூரம்? பதில்: புதுகும்மிடிப்பூண்டியிலிருந்து நாலு கிலோமீட்டர். கேள்வி: வழியில் இறங்கி நிற்பாரா? பதில்: நான் பார்த்ததில்லை. கீழே உன் கையெழுத்து. இருபது நாள் கழித்து என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். 'நோய் இருப்பதாக நடித்து லீவு கேட்டதால்' என்று உத்தரவில் எழுதியிருந்தார்கள்.

அதைப் படித்த பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு ஏன் நடக்க வரவில்லை? ஒருவேளை என் மனசுதான் நடிக்கிறதோ என்று நினைத்தேன். டாக்டரிடம் போனால் அவரும் சிரிப்பார் என்று மூன்று வருடம் போகவே இல்லை. கடைசியில் என் மச்சான் அஸ்கர் அலி கையைப் பிடித்து இழுத்துப் போனான். டாக்டர் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பைக் கையில் எடுத்து முன்பக்கம் வளைத்தார். நரம்பு போகிற துளை பெரிதானது. நிமிர்த்தினார். சுருங்கியது. "சைக்கிள் ஓட்ட முடியுது, நடக்க முடியல, அதானே பாய்? இந்த வியாதிக்கு அதுதான் அடையாளம்" என்றார். எனக்கு அவர் முன்னாலேயே அழுகை வந்துவிட்டது.

ஆகவே கங்கம்மாவிடம் சொல். பாதம் மரத்தது கத்தியால் இல்லை. மூன்று வருடம் நரம்பு நசுங்கிக் கிடந்ததால். முன்பே வந்திருந்தால் இந்த மரமரப்பும் மிஞ்சியிருக்காது என்றார் டாக்டர். மில் டாக்டர் கேட்டால், ஓட்ட முடிகிறது, அதுதான் வியாதி என்று சொல். நம்பாவிட்டால் ஸ்கேன் படத்தைக் காட்டு.

12-ம் தேதி போ. இன்னொன்று: சிறுநீர் தடைபட்டாலோ, உட்காருகிற இடம் மரத்தாலோ, தேதிக்குக் காத்திருக்காதே. அன்றைக்கே போக வேண்டும். ஆஸ்பத்திரியில் எங்கள் எல்லோரிடமும் படித்துப் படித்துச் சொன்னார்கள்.

அப்துல் கனி


கும்மிடிப்பூண்டி
14-2-2007

அன்புள்ள கனி பாய்,

கோபித்துக்கொள்ளாதீர்கள். 12-ம் தேதி போகவில்லை. கிளம்பி ரயில்வே ஸ்டேஷன் வரை போனேன். டிக்கெட்டும் எடுத்தேன். சென்னை மூர் மார்க்கெட் போகிற வண்டி வந்து நின்றது, கதவருகே போனேன், ஏறவில்லை. வீட்டில் மில்லில் அவசர வேலை என்று சொன்னேன். மில்லில் உடம்பு சரியில்லை என்று சொன்னேன்.

உங்கள் கடிதத்தை இதுவரை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. 'எனக்கே சந்தேகம் வந்தது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

நேற்றிலிருந்து சைக்கிள் சீட் உடம்பில் படுவதே சரியாகத் தெரியவில்லை. பஞ்சு மேல் உட்கார்ந்தது போல இருக்கிறது. சிறுநீருக்குப் போனால் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது. வயசாகிவிட்டால் இப்படி ஆகும் என்று பக்கத்து வீட்டுக் கலியன் சொல்கிறார். நீங்கள் எழுதியது இதுவாக இருக்காது என்று நினைக்கிறேன். கங்கம்மாவிடம் சொல்லவில்லை. உங்களுக்கு எழுதுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்து இப்போது எழுதுகிறேன். பதில் போடவும்.

சுப்பராயன்


செவ்வாப்பேட்டை
16-2-2007, வெள்ளி

டேய் சுப்பு,

ஜும்ஆவுக்குக் கிளம்பும்போது உன் கடிதம் வந்தது. தொழுகைக்குப் போகவில்லை. மில் நம்பருக்குப் போன் போட்டேன். யார் பேசுவது என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னேன். வைத்துவிட்டார்கள்.

இதைத் தபாலில் போடவில்லை. அஸ்கர் அலி கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவன் வேன் உன் வாசலில் நிற்கும். இதைப் படித்து முடித்ததும் ஏறு. சாப்பிடாதே, தண்ணீர் குடிக்காதே. ஸ்கேன் படத்தை எடுத்துக்கொள். லீவு லெட்டரைக் கோபால் மில்லில் கொடுக்கட்டும். எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரோடு பேசிவிட்டேன், கட்டில் தயார். இது வயசு இல்லை. இன்றைக்குப் போகாவிட்டால் நாளைக்குப் போயும் பிரயோஜனம் இருக்காது.

என் மேல் உனக்கு நம்பிக்கை இல்லாவிட்டால் பரவாயில்லை. அஸ்கர் அலியை நம்பு. அவனுக்கும் உனக்கும் இடையே ஒன்றும் இல்லை.

கனி


சென்னை
27-2-2007

அன்புள்ள பாய்க்கு,

படுத்தபடி எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும்.

அன்று அஸ்கர் அலி வந்து நின்றதும், நாளைக்குப் போகலாமே என்றேன். "மச்சான் சொல்லி அனுப்பிச்சிக்கிறாரு. வரலன்னா தூக்கிப் போட்டுக்கினு வரச் சொன்னாரு. இன்னா நைனா, தூக்கவா?" என்றான். கங்கம்மா உங்கள் கடிதத்தை அவனிடம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "தூக்குப்பா, நான் ஒரு காலப் புடிக்கிறேன்" என்றாள். பிறகு நானே ஏறினேன்.

அன்று இரவே ஆபரேஷன். நீங்கள் எழுதியபடியே சின்ன வெட்டு. எனக்கு இரண்டு இடத்தில். கண் விழித்ததும் தொடையைத் தொட்டேன். கனம் இல்லை. சிறுநீர்க் குழாயை ஐந்தாம் நாள் எடுத்தார்கள். அதன் பிறகு இரண்டு மணி நேரம் நான் பட்ட பயத்தை யாரிடமும் சொல்ல முடியாது. கங்கம்மா பாத்ரூம் வாசலில் நின்று தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டாள், அந்தச் சத்தத்திலாவது வரட்டும் என்று. வந்தது. வெளியே அவள் கைதட்டியதில் வார்டே திரும்பிப் பார்த்தது. முதல் நாள் பதினோரு அடி, நேற்று நூற்றிருபது, நடுவில் உட்காரவில்லை. வலது பாதம் மட்டும் மேலே தூக்க வரவில்லை. ஆறு மாதம் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். வராமலும் போகலாம் என்றும் சொன்னார்.

நான் பொய் சொல்லவில்லை என்று எழுதினேன். அது சரியில்லை. அவர்கள் சைக்கிளைப் பற்றித்தான் கேட்டார்கள். அதன் பிறகு நடப்பதை யாரும் கேட்கவில்லை. நான் பார்த்திருந்தேன் பாய். சைக்கிளை நிறுத்திவிட்டு வருவீர்கள். எடை மேடைக் கட்டையில் உட்காருவீர்கள். செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்திருப்பீர்கள். இருபது நாளாவது பார்த்திருப்பேன். அதே கட்டையில்தான் இப்போது நான் உட்கார்ந்தேன். அந்த மாதம்தான் சூப்பர்வைசர் வேலைக்குப் பெயர் எடுத்தார்கள். கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

இதோடு இருக்கும் தாளில் அதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். டாக்டரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இன்னொரு பிரதியைக் கங்கம்மா இன்று காலை மில்லுக்குப் பதிவுத்தபாலில் அனுப்பிவிட்டாள். அவர்கள் என்னை என்ன செய்வார்கள் என்று தெரியாது. இந்தக் காலோடு எப்படியும் சூப்பர்வைசர் மேடை ஏற முடியாது. அதனால் எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாள் பதினோரு அடி நடந்த அன்றே எழுதினேன். அப்போது பாதத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.

உங்கள்,
சுப்பு


செவ்வாப்பேட்டை
9-3-2007

சுப்பு,

தாள் கிடைத்தது. உரக்கப் படித்துக் காட்டினேன். ரஷீதா அதை என் கையிலிருந்து வாங்கினாள். எடுத்துப் போய்ப் பீரோவில், அந்த உத்தரவுக்கு மேலே வைத்துப் பூட்டினாள்.

எடை மேடைக் கட்டையில் நான் உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை என்றே ஆறு வருடம் நினைத்திருந்தேன். பார்த்திருக்கிறாய் என்று தெரிந்ததும் முதலில் கோபம்தான் வந்தது. ஒரு நாள் பூத்தைத் திறக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று இப்போது எழுதினால் அது நடிப்பு. எழுத மாட்டேன்.

பாதத்தைத் தூக்க முடியாதவர்களுக்குப் பட்டை வைத்த செருப்பு கிடைக்கிறது. வார்டில் நர்ஸம்மாவிடம் கேள். ஆறு வாரம் எதையும் தூக்காதே. தண்ணீர்க் குடத்தைக்கூட.

ஆறு வாரம் ஆனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. பேசின் பிரிட்ஜில் வண்டி மாற வேண்டும். சைக்கிளைக் கும்மிடிப்பூண்டியிலேயே விட்டுவிடு, ஆட்டோவும் வைக்காதே. செவ்வாப்பேட்டை பிளாட்பாரப் படியிலிருந்து என் பூத் வரை நேற்று நடந்து எண்ணினேன். இருநூற்றுப் பதினாறு அடி. பாதி வழியில் மெக்கானிக் கடைக்கு முன்னால் ஒரு பெஞ்சு கிடக்கிறது. முடியாவிட்டால் அதில் உட்கார்ந்துகொள். செருப்பைச் சரிசெய்வது போலெல்லாம் குனிய வேண்டாம். சும்மா உட்கார்.

நான் பூத்தில்தான் இருப்பேன். கண்ணாடி வழியாக அந்தப் பெஞ்சு நன்றாகத் தெரியும். நீ உட்கார்ந்தால் எழுந்து வருகிறேன்.

கனி