பனியில் நிற்கும் தகடுகள்

வடக்கு மினசோட்டா,
ஜனவரி இறுதி

அன்புள்ள ஆர்விட்,

நான் நலம். அரிசோனா வெயிலில் உங்களுக்கு இருமல் குறைந்திருப்பதாக நம் மகள் கரின் சொன்னாள். நிம்மதி. இங்கே ஏரி கல்லாக உறைந்து கிடக்கிறது. ஆடுகள் சௌக்கியம். அதெல்லாம் இருக்கட்டும், நம் சோலார் வேலை செய்கிறது! எழுதும்போதே கை பரபரக்கிறது.

விற்க வந்தவர், தகடுகளைக் கூரையோடு படிய வைத்தால்தான் அழகு என்றார். சரி சொல்லும் முன் என் தோழி ஹெல்மியின் பண்ணைக்குப் போனேன். அவள் கூரைத் தகடுகள் அத்தனையும் பனிக்கடியில். "நவம்பர்ல மூடுச்சு, இனி வசந்தத்துலதான் மூஞ்சியைக் காட்டும். நீயும் ஏமாந்துடாதடி" என்றாள். அதனால் கொட்டகைக்குத் தெற்கே, வெட்டவெளியில் செங்குத்தாக நிறுத்தச் சொன்னேன். முன்னும் பின்னும் வெளிச்சம் பிடிக்கிற ரகம். பனி தங்குவதில்லை. தரைப்பனியில் பட்ட வெயிலும் திரும்பி அதன்மேல் அடிக்கிறது. கடுங்குளிரில் பேட்டரி சார்ஜ் ஏறாதாம். நிலவறையில் உங்கள் பீட்ரூட் ஜாடிகளைத் தள்ளிவிட்டு அங்கே வைத்தேன். திட்டாதீர்கள்.

பக்கத்துப் பண்ணை டோர்வால்ட் வண்டியை நிறுத்திச் சிரித்தார். "என்ன ராக்னா, சூரியனுக்கே வேலி போடுறியா? அது சாயங்காலம் ஆகுறதுக்குள்ள ஓடிப்போற ஆளாச்சே!"

போன வாரப் புயலில் மின்கம்பி அறுந்தது. சென்ற குளிர்காலத்தில் கரண்ட் போய் உங்கள் ஆக்சிஜன் மிஷின் நின்றதையும், ஆம்புலன்ஸ் பனியில் சிக்கியதையும் நாம் இருவரும் இதுவரை பேசியதே இல்லை. இம்முறை நம் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. உங்கள் பழைய மிஷினைக் கட்டிலருகே வைத்து ஓடவிட்டேன். ஆளில்லாத கட்டிலுக்கு அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

புயல் ஓய்ந்ததும் வெயில். மூக்கை அறுக்கிற குளிர், ஆனால் குளிரக் குளிரத் தகடுகளுக்குச் சுறுசுறுப்பு! மதியத்துக்குள் பேட்டரி மளமளவென்று ஏறியது. போனுக்குச் சார்ஜ் போட வந்த டோர்வால்ட் தொண்டையைக் கனைத்தார். "அந்த வேலிக்காரன் நம்பரைக் கொஞ்சம் குடேன்." கொடுத்தேன், சிரித்துவிட்டுத்தான்!

மறைக்கவில்லை, மேகம் தொடர்ந்து மூடினால் பேட்டரி இறங்கிவிடும். அப்போது தன் ஜெனரேட்டரைத் தருவதாக டோர்வால்ட் வாக்குக் கொடுத்திருக்கிறார். அறுந்த கம்பியைச் சரிசெய்ய மூன்று நாளாயிற்று. மிஷின் நிற்கவே இல்லை. டாக்டரிடம் சொன்னேன். கரண்ட் உறுதி என்றால் நீங்கள் வீடு திரும்பத் தனக்கு ஆட்சேபனை இல்லை என்றார்.

கரினிடம் சண்டை போடாதீர்கள். அவள் பயம் நியாயமானது. இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். முடிவு உங்களுடையது, அவசரமே இல்லை.

கட்டிலில் உங்கள் பக்கம் நான் குவித்திருந்த துணிகளையெல்லாம் இன்று எடுத்துவிட்டு, புதுப் போர்வை விரித்தேன். கடவுள் உங்கள் நெஞ்சுக்குப் பலம் தரட்டும். என்றைக்கு விமானம் என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
ராக்னா