ஏசிக்கு நான் சொன்ன காரணம்

27 ஏப்ரல் 2025, ஞாயிறு

இன்றைக்கும் பாதி வழியில் காரை ஒதுக்கச் சொல்லிவிட்டேன். பெற்றோல் ஷெட்டுக்குள் நிற்பாட்டி, இவர் பொனற்றைத் திறந்து கையை விட்டுவிட்டுப் பார்த்தார். கோளாறு அங்கே இருந்தால்தானே.

பெட்டி பெட்டியாக வந்த சாமானை வைத்து, வால்தம்ஸ்டோ வீட்டுக் கராஜுக்குள் நாலு வருடமாக இரண்டு பேரும் கட்டின கார். எஞ்சின், சில்லு எல்லாம் இவர். வயரிங் முழுக்க நான். பிள்ளைகள் யூனிவேர்சிட்டிக்குப் போன பிறகு எங்களுக்குக் கதைக்க இருந்ததே அதுதான். மார்ச்சில் சோதனை பாஸாகி நம்பர் பிளேட் பூட்டினோம். இனி ஞாயிறு தோறும் ஊர் சுற்றுவது என்று திட்டம்.

எஞ்சின் சூடு இரண்டு சீற்றுக்கும் நடுவால் வருகிறது. அதோடு என்னுடைய சூடும் சேர்ந்துகொள்கிறது. நெஞ்சில் தொடங்கிக் கழுத்து, முகம், காது வரைக்கும் அடுப்பு மூட்டினமாதிரி. பிறகு வேர்வை, படபடப்பு. கதவைத் திறந்து குதிக்கலாம்போல இருக்கும். ஐம்பத்தொரு வயது, மாதவிலக்கு நிற்கிற காலம். என்னவென்று எனக்குத் தெரியாதா? தலை சுத்துது, எஞ்சின் மணமாக்கும் என்று சொல்லி வைத்தேன்.

இவர் தொழில் பார்மசிஸ்ட். நல்ல பகிடி.

4 மே, ஞாயிறு

ஏசி பூட்டுவோமா என்று கேட்டேன். சிரித்தார். லண்டனில் வருடத்துக்குப் பத்து நாள் வெயில், கண்ணாடியை இறக்கினால் போச்சு என்றார். போதாததற்கு இருபது கிலோ கூடுமாம். போல்ட்டைக்கூடத் தராசில் வைத்து நிறுத்த மனுசன். கார் பாரமில்லாமல் பறக்க வேணும்.

வாயில் வந்ததைச் சொன்னேன்: முன் கண்ணாடியில் ஆவி படியுது, ஏசி இருந்தால் தெளியும். பொய்யில்லை. ஆனால் காரணம் அதுவுமில்லை.

“அது நியாயம்தான்,” என்றார். அப்பாடா.

18 மே, ஞாயிறு

கோதாரி. முன் கண்ணாடியையே மாத்தப் போறாராம். உள்ளுக்குள் மெல்லிய கம்பி ஓடுற கண்ணாடி, சுவிட்சைத் தட்டினால் சூடாகி ஆவியைப் போக்குமாம். ரெண்டு கிழமையா இதுக்குத்தான் கொம்பியூட்டருக்கு முன்னால குந்தியிருந்திருக்கிறார். ஏசியே தேவையில்லை, ஒண்டரைக் கிலோவோட அலுவல் முடிஞ்சுது எண்டு என்ன சந்தோசம்! சூட்டில சாகிறவளுக்கு இன்னுமொரு சூடு.

குசினிக்குள்ள போய் அடுப்படியில நிண்டு சிரிச்சன். பிறகு அழுதன்.

25 மே

கண்ணாடிக்கு வயர் இழுத்தது நான். இரண்டு நிமிடத்தில் தெளிகிறது. என்னத்தைச் சொல்ல.

8 ஜூன், ஞாயிறு

காரில் ஏறாமலிருக்கப் போன கிழமை சொன்ன சாட்டு முழங்கால் நோ. இன்றைக்குக் கோயில். இனி என்ன சொல்லலாம் என்று யோசிக்க வேண்டும். இவர் தனியப் போய் அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். எங்கே போனது என்று கேட்டேன். சும்மா ஒரு சுற்று என்றார்.

13 ஜூன், வெள்ளி

டொக்டரிடம் போனேன். ஹோர்மோன் பட்டி எழுதினார், தோலில் ஒட்டுவது. வழக்கமான பார்மசிக்கு அனுப்பிவிடவா என்று கேட்டார். அது இவருடைய பார்மசி. தாளில் தாருங்கள் என்று வாங்கி வந்தேன். வேறு கடையில் கொடுக்கலாம்தான். இந்தப் பக்கத்தில் இவரைத் தெரியாத பார்மசிக்காரர் எவர்?

இருபத்தாறு வருடம் கட்டி வாழ்ந்தவரிடம் இதைச் சொல்ல என்ன தயக்கம் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். வெட்கம் ஒரு பக்கம். ஆனால் அது மட்டுமில்லை. கராஜுக்குள் ஒரே விளக்கின் கீழே படுத்து வயர் பிடித்துக்கொண்டிருந்தபோது இவர் என்னைப் பார்த்த பார்வை வேறு. கலியாணம் கட்டின புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. அந்தக் காருக்குள்ள போய், எனக்கு வயசு போட்டுது எண்டு நானே சொல்லுறதோ? எனக்கு ஏலாது.

19 ஜூன், வியாழன்

மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுபோய்ப் பார்மசியில் கொடுத்தேன். கவுண்டரில் மருந்துக்கு வந்த ஒரு தமிழ் மனுசி, என் வயது இருக்கும், அவவுக்கும் இதே சூடுதான். இவர் குரலைத் தாழ்த்தி எவ்வளவு பொறுமையாகப் பேசுகிறார்! இதில் வெட்கப்பட ஒன்றுமில்லையாம், எல்லாருக்கும் வருவதுதானாம். கடைசியில் சொன்னதுதான் உச்சம்.

“வீட்டுக்காரரிட்டச் சொல்லுங்கோ அம்மா. சொல்லாட்டி அவருக்கு எப்பிடித் தெரியும்?”

ஊருக்குத்தான் உபதேசம். சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

22 ஜூன், ஞாயிறு

காரை விற்கப் போகிறாராம். லூயிஷாமிலிருந்து றொஜன் என்று ஒருவர் அடுத்த ஞாயிறு பார்க்க வருகிறாராம். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு, என் முகத்தைப் பாராமல் சொன்னார்.

“உமக்குப் பிடிக்கேல்லை எண்டு விளங்குது. ரெண்டு சீற் காரில நான் தனிய எங்க போறது?”

பிடிக்கேல்லையோ! ஒவ்வொரு வயரும் என்ர கையாலதானே போனது. வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, மடைச்சி. திறந்தேன். தேத்தண்ணிக்குச் சீனி போதுமோ என்று கேட்டேன்.

27 ஜூன், வெள்ளி

செய்துவிட்டேன்.

வீட்டில் சொல்ல வராது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றால் இவர் ஆர் சொன்னாலும் கேட்பார். அப்படியென்றால் இந்தப் பக்கம் போய் நிற்போம் என்று காலையில் தோன்றியது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். எனக்கு முன்னால் நாலு பேர். வரிசையில் நிற்கும்போதே ஒருமுறை சூடு வந்து போனது. ஓடிவிடவில்லை.

என் முறை வந்தது. தாளை நீட்டினேன். இவர் ஏதோ மருந்துப் பெட்டியில் லேபிள் ஒட்டிக்கொண்டே வாங்கி, எல்லாரிடமும் கேட்கிறமாதிரி, நிமிராமல் கேட்டார்: “அட்ரஸ்?”

எங்கட வீட்டு அட்ரஸைச் சொன்னன்.

நிமிர்ந்தார். தாளைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். பக்கத்திலிருந்த சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். எவ்வளவு காலமாக என்று கேட்டார். பதினாலு மாதம் என்றேன்.

“காருக்குள்ளயும் அதுதானோ?”

“ஓம்.”

“அப்ப அந்தக் கண்ணாடி?”

இவர் கதிரையில் இருந்துவிட்டார். வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது, உதவிக்கு நிற்கிற பிள்ளை இரண்டு தரம் கதவைத் தட்டினாள். இவர் என் கையைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டியை எந்த இடத்தில், எத்தனை நாளுக்கு ஒருமுறை ஒட்டுவதென்று ஒன்றும் விடாமல் சொல்லித் தந்தார். அந்த மனுசிக்குச் சொன்ன அதே குரல் இல்லை. தடுமாறினார்.

29 ஜூன், ஞாயிறு

றொஜன் வந்தார். இவர் தேத்தண்ணி கொடுத்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பினார். பாவம், லூயிஷாமிலிருந்து இவ்வளவு தூரம்.

20 ஜூலை, ஞாயிறு

மூன்று ஞாயிறாக ஏசி வேலை. கொம்பிரசருக்கு இடம் விட எஞ்சின் பக்கம் பாதியைக் கழற்றிப் பூட்டினார். குளிர்ப்பெட்டி டாஷ்போர்டுக்குக் கீழே, பக்கத்து சீற் பக்கம்தான் கொள்ளுகிறது. அங்கே இருப்பவருக்கு முழங்கால் இடிக்கும். சுவிட்சை எங்கே வைப்போம் என்று கேட்டேன். நீர் காரை ஓடும்போது உமக்கு எட்டுற இடத்தில் என்றார். நான் ஓடுவதென்று எப்போது முடிவானது?

எல்லாமாகப் பத்தொன்பது கிலோ. நிறுத்தவள் நான். அவர் கேட்கவேயில்லை.

கடைகளுக்குக் குளிர்ப்பெட்டி திருத்துகிற நிஷாந்த் வந்து காஸ் அடித்துவிட்டுப் போனார். லண்டனில் இந்த அளவு காருக்கு ஏசியோ அண்ணை என்று சிரித்தார். இவர், எனக்கு வெக்கை தாங்காது தம்பி என்றார்.

10 ஓகஸ்ட், ஞாயிறு

கடற்கரை வரைக்கும் போய் வந்தோம். போக வர நானே காரை ஓடினேன். வழியில் இரண்டு தரம் சூடு வந்தது, நிற்பாட்டாமல் ஓடினேன். இவர் பக்கத்து சீற்றில் முழங்காலை மடக்கிக்கொண்டு, ஸ்வெற்றரும் கம்பளித் தொப்பியும் போட்டபடி இருந்தார். சிக்னலில் நின்ற பக்கத்துக் கார்ப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். இவருடைய மூக்கு நுனி சிவந்துபோயிருந்தது. குளிருதோ என்று கேட்டேன்.

“இல்லை, நீர் காரை ஓடும்.”

நான் ஏசியைக் குறைக்கவில்லை.