மாங்கனி இல்லாத படம்

கோவில்பத்து, காரைக்கால்
ஆனி மாதம், திங்கட்கிழமை

அன்புள்ள சிவப்ரியாவுக்கு,

இங்கு நான் நலம். பூனா சினிமாக் கல்லூரியில் நீயும் நலமாக இருக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிடுகிறேன். வைத்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வருகிறது. அதனால் பேனாவை எடுத்தேன்.

வீட்டில் குறை ஒன்றும் இல்லை. மாடிக் குழாயை மாற்றியாகிவிட்டது. நீ விட்டுப்போன கேமரா ஸ்டாண்டில் துண்டு காயப்போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே, நன்றாகக் காய்கிறது. பூவத்து வயலில் அம்மா குறுவைக்கு நாற்று விடச் சொல்லிவிட்டாள். ஆற்றுத் தண்ணீர் நம் கடைமடைக்கு இன்னும் வந்து சேரவில்லை, போர்வெல் தண்ணீர்தான். முழங்கால் வலியோடு வரப்பில் நிற்கிறாள். சொன்னால் கேட்கிற ஆளா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாண்டிச்சேரியா, பிரான்சில் லியோனா என்று இந்த மாதத்துக்குள் நீ பதில் எழுத வேண்டும். இரண்டு இடத்திலும் முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, நீங்களே சொல்லுங்க என்று என் தலையில் போட்டுவிட்டாய். பாண்டிச்சேரி என்றால் சினிமாவைப் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். அந்தப் பேராசிரியர் நல்லவர், தமிழ்ப் படங்களைக் கரைத்துக் குடித்தவர் என்று நீயே சொன்னாய். சனிக்கிழமை பஸ் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்கு நீ வீட்டில் இருப்பாய். லியோனில் பாதி எழுத்து, பாதி நீ எடுக்கிற படங்களே ஆய்வு. நாலு வருஷம். நம்மூரில் தெருவுக்குத் தெரு பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற வீடு இருப்பதால், கும்பகோணம் போய்வருகிற மாதிரிதான் எல்லாரும் பிரான்சைப் பேசுகிறார்கள். எனக்கு அப்படிப் பேச வரவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். பாண்டிச்சேரி என்று சொல்லத்தான் போன வாரம் முழுக்க மனசுக்குள் வார்த்தை கோத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் மாங்கனித் திருவிழா வந்துவிட்டது. நமக்குக் கல்யாணம் ஆன வருஷத்துத் திருவிழா உனக்கு ஞாபகம் இருக்கும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்து இறைக்கிற மாங்கனியைப் புது மருமகள் முந்தானையில் ஏந்த வேண்டும், அடுத்த வருஷம் மடியில் பிள்ளை இருக்கும் என்று அம்மா உன்னைக் கூட்டிவந்தாள். நீ கூட்டத்தில் நழுவி, உன் காலேஜ் தோழி சஃபியா வீட்டு மொட்டைமாடிக்கு ஏறிவிட்டாய். கீழே அம்மா "எங்கடா போனா ஒன் பொண்டாட்டி" என்று என்னைப் போட்டு உலுக்குகிறாள். பழம் இறைத்ததோ எதிர்வீட்டு மாடியிலிருந்து. தெருவே கையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்கிறது. நான் மட்டும் திரும்பி, உன்னைத் தேடி, மேலே கண்டுபிடித்துவிட்டேன். மஞ்சள் கயிறு கழுத்தில், கேமரா கண்ணில். எனக்கு வந்த சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அந்த நொடியில் நீ எடுத்த படத்தை ஸ்டுடியோ நீலகண்டன் கழுவிக் கொடுத்துவிட்டு, "மாங்கனித் திருவிழாவுல மாங்கனியே இல்லாம படம் எடுத்த ஒரே ஆளு ஒங்க வீட்டம்மாதாங்க" என்றார். சாமியும் இல்லை, பழமும் இல்லை. அத்தனை பிடரிகள், அத்தனை கைகள், நடுவில் என் ஒரு முகம். லியோன் பேராசிரியை நேர்காணலில் அதே படத்தைக் காட்டி, இவர் மட்டும் ஏன் திரும்பி நிற்கிறார் என்று கேட்டார்களாமே. நீ இதைச் சொன்ன இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பெருமையா பயமா என்று தெரியவில்லை.

இந்த வருஷத் திருவிழா நேற்று. அம்மாவை வண்டியில் கூட்டிப்போனேன். சாமி கிட்டே வந்ததும், பார்த்தால், அம்மா தன் முந்தானையை விரித்துப் பிடித்து நிற்கிறாள்! பக்கத்தில் இருந்த பெண்கள் "இந்த வயசுலயா ஆத்தா" என்று சிரித்தார்கள். "எனக்கில்லடி, எம் மருமவளுக்கு" என்று சத்தமாகவே சொன்னாள். ஒரு பழமும் வந்து விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு நீயும் நானும் அலைந்தது, இனி போதும் என்று நீ அழுதது எல்லாம் கண்முன் வந்தது. கோட்டுச்சேரி தாண்டும் வரை அம்மாவைத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

பூவத்தில் இறங்கியதும் சொன்னாள்: "புள்ளைக்குன்னு யாருடா வேண்டுனா? அந்த வெளிநாட்டுப் படிப்புக்குத்தான் வேண்டிக்கிட்டேன்." எனக்குத் தெரியாமல் நீங்கள் இருவரும் போனில் பேசிக்கொள்வது அப்போதுதான் புரிந்தது. அது கிடைத்துப் பத்து நாள் ஆயிற்றே அம்மா, இன்னும் எதற்கு வேண்டுதல் என்றேன். "கெடச்சாப் போதுமா? நீ விடணும்ல" என்றாள்.

பழத்தைக் கழுவி என் கையில் கொடுத்து, வேண்டுதல் உன்மேல்தான், அதனால் நீதான் தின்ன வேண்டும் என்றாள். நல்ல புளிப்பு, நார் வேறு. ஒரு துண்டு மிச்சம் வைக்க விடவில்லை. நான் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்குப் புளிப்புதான் காரணம் என்று அவளிடம் சொல்லி வைத்தேன். நீயும் அப்படியே நம்பிக்கொள்.

ஆகையால் பிரியா, லியோனுக்கே சரி என்று எழுதிவிடு. இன்றைக்கே எழுது, நாளை எனக்கு மறுபடி பாண்டிச்சேரி பஸ் ஞாபகம் வந்துவிடும். குளிருக்கு நல்ல ஸ்வெட்டராக வாங்கு. போவதற்குமுன் ஒரு வாரமாவது வீட்டில் வந்து இரு. கேமரா ஸ்டாண்டைத் துடைத்து வைக்கிறேன்.

அந்தப் பேராசிரியை மறுபடி கேட்டால் சொல்: அவர் இன்னமும் திரும்பித்தான் நிற்கிறார் என்று. நல்லபடியாகப் போய், படித்து, நல்லபடியாக வந்து சேர்.

உன்,
அம்பலவாணன்