வாசலில் செருப்பு

அன்பு மகளே,

"வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாங்க, லீவுக்கும் ஹாஸ்டல்லயே இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, இனி தாராளமாக வா. வெள்ளையடித்ததெல்லாம் பொய்; பழைய வீட்டை அப்போதே இடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் எங்கே படுத்தேன் என்று கேட்காதே. ரயில் நிலையத்தில் மின்விசிறி நன்றாகவே சுற்றுகிறது.

தனியாக இருக்கும் பெண்ணுக்கு வாடகைக்கு வீடு இல்லையென்று எல்லோரும் கைவிரித்தார்கள். நான் அறை துடைக்கும் லாட்ஜின் மேனேஜரம்மாதான் கூடவே வந்து, "இவங்களுக்கு நான் பொறுப்பு" என்றார். வீடு கிடைத்தது. ஸ்டேஷனில் என் பக்கத்தில் படுத்திருந்த அக்காவுக்காக நாளை நான் போய் அதையே சொல்லப்போகிறேன். வீடு வாங்கித்தராமல் விடமாட்டேன்.

நேற்று இந்தப் புது வீட்டிலும், ஸ்டேஷன் பழக்கதோஷத்தில் செருப்பைத் தலைக்கடியில் வைத்தே தூங்கினேன். விடிந்ததும் எனக்கே சிரிப்பு வந்தது.

இன்று அதை வாசலில் விட்டிருக்கிறேன். பக்கத்தில் உன் செருப்புக்கும் இடம் இருக்கிறது.

உன் அம்மா