கூம் ரதோயேவும் புதுக் காரின் பராமரிப்புத் திட்டமும்

கிராலேவோ,
செவ்வாய்க்கிழமை

என் செல்ல மகள் நெவேனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், என் முழங்காலை மட்டும் கணக்கில் சேர்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் அந்த நார்வே குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வருகிறேன். போனில் நீ கேட்டபோது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதனால்தான் பேச்சை மாற்றினேன். கார்க் கடைக்காரன் தலையில் கட்டப் பார்க்கும் அந்த முன்பணப் பராமரிப்புத் திட்டத்தை வாங்காதீர்கள் என்று அத்தனை தடவை சொன்னாய். வாங்கிவிட்டோம். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

முதலில் நானும் வேண்டாம் என்றுதான் இருந்தேன். கடையில் பளபளவென்று ஷூ போட்ட ஒரு பையன், "அம்மா, ஒரு தடவை பணத்தைக் கட்டிட்டீங்கன்னா அஞ்சு வருஷத்துக்கு வண்டியைப் பத்தி நீங்க நினைக்கவே வேணாம்" என்றான். வண்டியைப் பற்றி யாரப்பா நினைத்தது, நினைக்க எனக்கு வேறு ஆயிரம் இருக்கிறது என்றேன். என்னென்ன சேரும் என்று குடைந்து குடைந்து கேட்டேன். இன்ஜின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில், மேலோட்டமாக ஒரு பார்வை, அவ்வளவுதான். பிரேக் கட்டை சேராது, டயர் சேராது, பேட்டரி சேராது. அவர்களுடைய ஒர்க்ஷாப்புக்கே போக வேண்டும், சொன்ன மாதத்தில் போகாவிட்டால் அந்தத் தடவை போனது போனதுதான். நாங்கள் போவதோ சந்தை, கோயில், எப்போதாவது சாச்சாக் ஊரில் உன் அத்தை வீடு. நீ போட்ட கணக்கு சரிதான், நானும் அதையேதான் போட்டேன். அப்பா கணக்கே போடவில்லை. "எங்களுக்குக் கூம் இருக்கார்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு எழுந்தார். அதற்குமேல் அந்தப் பையன் என்ன பேசுவான், அவனும் இந்த ஊரில் பிறந்தவன்தானே, கூம் என்றால் என்னவென்று தெரியாதா.

உன் கூம் ரதோயேவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர், ஞானஸ்நானத்தின்போது உன்னைக் கையில் ஏந்திப் பெயர் வைத்த ஞானத்தகப்பன். அவர் எங்களுக்குக் கூம், நாங்களும் அவருக்குக் கூம். உடன்பிறப்புகூடச் சண்டை போட்டுக்கொள்ளும், கூமிடம் முகம் சுளிக்க முடியுமா? நாற்பது வருஷமாக நம் வீட்டுக் கார் எல்லாம் அவர் கையில்தான், ஒரு தினார் வாங்கியதில்லை. இலவசம் என்று ஊரே சொல்லும். அந்த இலவசத்துக்கு நான் வெள்ளிக்கிழமையே முட்டைக்கோஸ் இலையில் கறியை வைத்து உருட்ட ஆரம்பிக்க வேண்டும். சனிக்கிழமை வந்ததும் காபி, ரக்கியா சாராயம், அப்புறம் சூப்பு, உருட்டிவைத்த அந்தச் சார்மா, வறுத்த கறி, அடுக்கு மாவுப் பீட்டா, சாயங்காலம் வரைக்கும் மறுபடி காபி. இடுப்பு விட்டுப்போகிறது நெவேனா. திட்டத்தை வாங்கினால் நான் சனிக்கிழமைகளில் கொஞ்சம் காலை நீட்டலாம் என்ற நப்பாசையும் இருந்தது, மறைக்க மாட்டேன்.

ஆனால் வாங்கியது அதற்காக இல்லை. பழைய காரின் இன்ஜினுக்கு வயதாகிவிட்டது என்று அப்பா உன்னிடம் சொன்னார் அல்லவா, அது பொய். வசந்த காலத்தில் கூம் வந்து ஆயில் மாற்றினார், அடியில் இருக்கும் திருகை இறுக்காமல் விட்டுவிட்டார். இபார் ஆற்றோரச் சாலையில், அந்த வளைவில், ஆயில் எல்லாம் ஒழுகிப்போய் வண்டி புகைந்து அப்படியே நின்றது. பின்னால் லாரி, பக்கத்தில் ஆறு. நான் மாதாவைக் கூப்பிட்டேன், அப்பா எப்படியோ ஓரம் கட்டிவிட்டார். இழுத்துப்போக வந்தவன் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "எந்தப் புண்ணியவான்யா இதை மாட்டினது?" என்றான். "நான்தான்" என்றார் உன் அப்பா. கூமிடமும் வயதான இன்ஜின் என்றே சொன்னார், என்னையும் வாயைத் திறக்கக் கூடாது என்றார். திறக்கவில்லை. ஆனால் புதுக் கார் என்றதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. நாளைக்குப் பிரேக்கையும் அதே கைதானே பார்க்கும்? கூம் உயிரோடு இருக்கும்போது வேறொருவனிடம் வண்டியை விட்டால் அவர் முகத்தில் துப்பிய மாதிரி. இப்படியும் போக முடியவில்லை, அப்படியும் போக முடியவில்லை. கடைக்குப் போய்வந்த மறுநாள் நானே பஸ் ஏறிப் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். நான் வாங்கியது ஆயில் இல்லை, கூமிடம் சொல்ல ஒரு சாக்கு.

அப்பா முதலில் குதித்தார், அப்புறம் புரிந்துகொண்டார். சனிக்கிழமை கூம் வந்தார், புது வண்டிக்காக ஒரு கிளாஸ் குடிக்க, கருவிப் பையோடு. உன் அப்பா மழையைப் பேசினார், பிளம் விளைச்சலைப் பேசினார், சூப்பு ஆறிப்போனது. கடைசியில் தட்டைப் பார்த்துக்கொண்டே, "கூமே, கம்பெனிக்காரன் பணத்தை முன்னாடியே வாங்கிட்டான், இனி அவன்தான் வண்டியைப் பார்த்தாகணும்" என்றார். ரதோயே ரக்கியாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "அடப்பாவி, இதை அப்பவே சொல்லித் தொலைக்கக் கூடாதா! வசந்தத்துக்கு முந்தியே இந்த வலது கை விரலெல்லாம் மரத்துக் கிடக்கு. முறுக்குறேன், இறுகிச்சா இல்லையான்னு கைக்கே தெரியல. உன் புது வண்டின்னதும் எனக்குத் தூக்கமே போச்சு. கூம் கேட்டா முடியாதுன்னு எந்த வாயால சொல்றது?" என்றார். கேட்டாயா கதையை! இரண்டு கிழங்களும் ஒருவருக்கொருவர் முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, நடுவில் வண்டியில் உட்கார்ந்து போனவள் நான். அப்புறம் அவர் மெதுவாக, "அந்தப் பழைய இன்ஜின்..." என்று ஆரம்பித்தார். "அதுக்கு வயசாயிடுச்சு கூமே" என்று அப்பா கிளாஸை நிரப்பினார்.

சாயங்காலம் கிளம்பும்போது கேட்டருகில் நின்றார், பை கையில். "அப்போ இனிமே சனிக்கிழமை நான் எதுக்கு வர்றது?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் போகவில்லை. அப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு என்ன பைத்தியம் பிடித்ததோ, "அந்தத் திட்டத்துல ஆயில் சேரும், ஃபில்டர் சேரும், சாப்பாடு சேராது கூமே. பையை வீட்டுல வெச்சுட்டு வாங்க" என்றேன். ஆக, வெள்ளிக்கிழமை மறுபடியும் முட்டைக்கோஸ்.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். கடவுள் உங்கள் இருவருக்கும் நல்ல உடம்பையும் நிம்மதியையும் கொடுக்கட்டும். பனி விழும்முன் டயரை மாற்று. கூமுக்கு ஒரு போன் போடு, நீ கூப்பிட்டால் சந்தோஷப்படுவார். அவர் பழைய காரைப் பற்றிப் பேச்செடுத்தால், இன்ஜினுக்கு வயதாகிவிட்டதாக அப்பா சொன்னார் என்று சொல். உண்மை கூமுக்குத் தெரியும். இருந்தாலும் அப்படியே சொல்.

உன்னை முத்தமிடும்,
ஓய்ந்துபோன அம்மா
ஸ்லாவ்கா